ஏறாத கண்ணாடி

புனே ஃபாத்திமா நகர் பெட்ரோல் பங்கில், சனிக்கிழமை சாயந்தரம் ஐந்தரை மணிக்கு, ஜெகதீசன் தன் காரின் கண்ணாடியை இறக்கினார். ஒரு பட்டன்தான். லேசாக அமுக்கினால் போதும். கண்ணாடி பவ்யமாக இறங்கியது. "ஃபுல்" என்றார். ஊற்றி முடித்ததும் அதே பட்டனை மேலே தூக்கினார்.

கண்ணாடி ஏறவில்லை.

இன்னொரு முறை தூக்கினார். ஏறவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு தூக்கினார். ஏறவில்லை. வேறு பக்கம் பார்ப்பதுபோல் பார்த்து, பட்டனுக்கே தெரியாமல் சட்டென்று தூக்கினார். ஏறவில்லை. விலைவாசிக்கு நேர்மாறாக, இறங்கினது இறங்கினதாகவே இருந்தது.

பின்னால் நின்ற ரிக்ஷாக்காரர் எட்டிப் பார்த்து, "கியா ஹுவா, அங்கிள்?" என்று என்ன ஆச்சென்று விசாரித்தார்.

"குச் நஹி, குச் நஹி" என்று ஒன்றுமே இல்லாததுபோல் சொல்லிக்கொண்டே வண்டியை ஓரங்கட்டினார் ஜெகதீசன். கட்ரஜ் பக்கம் வானம் கன்னங்கரேல் என்று இருந்தது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்து மழை இன்றைக்கோ நாளைக்கோ என்று தயாராக நின்றது. 

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் வீட்டுக்குப் போய், "வனஜா, வண்டி ஜன்னல் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்திருப்பான். ஜெகதீசனால் அது முடியாது. அதற்குக் காரணம் இருந்தது.

ஜெகதீசன் கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர். அப்பேர்ப்பட்டவர் தானே போய், தானே பார்த்து, தானே தட்டிப் பார்த்து வாங்கிய வண்டி அது. வானவடியில் அவர்கள் குடியிருப்புக்கு அடுத்த குடியிருப்பில் இருந்த ஒரு கர்னல், ஓய்வு பெற்று டெஹ்ராடூனுக்குப் போகும்போது விற்றார். பதினோரு வயசு வண்டி. ஆனால் நாலு கதவுக்கும் பட்டன் ஜன்னல். அந்தப் பட்டனைப் பார்த்ததும் ஜெகதீசன் விழுந்துவிட்டார்.

அவர் மனைவி வனஜா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் கேட்டது சின்னதாக ஒரு புது வண்டி.

"சுத்துற கைப்பிடி போதுங்க. ஒரு பக்கம் சுத்தினா இறங்கும், மறுபக்கம் சுத்தினா ஏறும். கை இருக்கிற வரைக்கும் கெடாது."

"காலம் மாறிப்போச்சு வனஜா. இது பட்டன் யுகம்."

"பட்டன்னா பிஞ்சுபோகும். உங்க சட்டையில எத்தனை மிச்சம் இருக்குன்னு குனிஞ்சு பாருங்க."

"சட்டை வேற, கார் வேற. இது ராணுவம் பராமரிச்ச வண்டி."

"சரி, வாங்குங்க. எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்க."

"இதையா? இது கர்னல் கை பட்டுப் பழகின வண்டி. உனக்கெல்லாம் ஒத்து வராது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. மகள் கீர்த்தியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு ரிப்பேர் வரட்டும். மறுநாளே வித்துட்டு நீ சொல்ற வண்டியை வாங்கறேன்" என்று சபதமும் போட்டார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் ரிப்பேர் வரவில்லை. ஏசி மட்டும் குளிரவில்லை. அது ரிப்பேர் இல்லை, வண்டியின் சுபாவம் என்று ஜெகதீசன் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

இப்போது இது. திறந்த ஜன்னலோடு வீட்டுக்கு வந்தவர், வலது பக்கம் சுவரை ஒட்டி நிற்கும்படி வண்டியை நிறுத்தினார். அந்தப் பக்கம் இறங்க முடியாததால் கியரைத் தாண்டி, இடது பக்கக் கதவு வழியாகப் பிறந்து வந்தார். மாடிப்படிக்கு அடியில் கிடந்த தார்ப்பாயை எடுத்து வண்டிக்குப் போர்த்தினார்.

மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து வனஜா கேட்டாள்: "என்னங்க, வண்டிக்கு எதுக்குப் போர்வை?"

"பாலிஷ் போயிடுமாம்."

"எதுல?"

"நிலா வெளிச்சத்துல."

வனஜா வானத்தைப் பார்த்தாள். நிலா இருக்கவேண்டிய இடத்தில் யானை யானையாக மேகம் நின்றது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.  

மேலே போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் அடுத்த இடி விழுந்தது.

"அக்கா போன் பண்ணிச்சு. அக்காவும் மாமாவும் இந்த மாசக் கடைசியில வர்றாங்க. ஞாயித்துக்கிழமை ஷிர்டிக்குப் போகணுமாம். நம்ம வண்டியிலேயே போயிடலாம்னு சொல்லிட்டேன்."

புனேயில் வீடு வைத்திருக்கும் தமிழனுக்குச் சென்னையிலிருந்து சொந்தக்காரர் வருகிறார் என்றால் ஷிர்டிக்குத்தான் வருகிறார். அது ஜெகதீசனுக்குப் பழக்கம். ஆனால் வரப்போகிறவர் சகலை சுந்தரராமன். வனஜாவின் அக்கா சரசாவின் புருஷன். சென்னையில் பாங்கு மேனேஜர். போன மாதம்தான் புதுக் கார் வாங்கியிருந்தார். அந்தக் காரின் ஒவ்வொரு திருகாணியையும் போனிலேயே விளக்கியிருந்தார்.

"ஏன், வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்றாள் வனஜா.

"அதுக்கென்ன! பிரமாதமா இருக்கு" என்றார் ஜெகதீசன். வெளியே முதல் இடி இடித்தது.

மறுநாள் காலை வனஜா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, கர்னல் கொடுத்த கையேட்டோடு கீழே இறங்கினார். முதலில் ஃபியூஸ். கழற்றிப் பார்த்தார், நன்றாக இருந்தது. திருப்பிப் போட்டார், ரேடியோ செத்தது. மறுபடி கழற்றிப் போட்டார். ரேடியோ பிழைத்தது, ஹாரன் ஊமையானது. மூன்றாவது தடவை எல்லாம் பழையபடி வந்தது, கண்ணாடி உட்பட. அதாவது கண்ணாடி பழையபடி ஏறவில்லை.

மற்ற மூன்று ஜன்னலும் சொன்ன பேச்சுக் கேட்டன. இந்த ஒரு கதவில்தான் வியாதி. கதவைத் தட்டினார். குத்தினார். கெஞ்சினார். கடைசியில் வெறுத்துப்போய், ஒரு விரல் பட்டனைத் தூக்கிப் பிடித்திருக்க, இறங்குவதற்காகக் கதவைத் திறந்தார்.

"கிர்ர்ர்" என்றது. கண்ணாடி ஏறியது.

ஜெகதீசனுக்குப் புல்லரித்தது. பாதி வரை இறக்கி மறுபடி சோதித்தார். பரிசோதகர் அல்லவா? கதவு மூடியிருந்தால் ஏறாது. முழுசாகத் திறந்தால் ஏறாது. ஒரு சாண் திறந்தால் மட்டும் ஏறும். ஒரு சாண், அவ்வளவுதான். ஏனென்று அவருக்குத் தெரியவில்லை. கதவுக்குள் காற்றோட்டம் போதவில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தார்.

கண்ணாடியை முழுக்க ஏற்றினார். அந்தக் கணமே கொள்கை முடிவு எடுத்தார். இனி இந்தக் கண்ணாடி இறங்காது. மற்ற மூன்றும் இறங்காது; ஒன்றைப் பார்த்து ஒன்று கெட்டுப்போகலாம். இறக்கினால்தானே ஏற்றவேண்டும்?

ஃபாத்திமா நகரில் சலீம் பாய் என்று ஒரு ஆம்பூர்க்காரர் கார் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். கைராசிக்காரர். அவரிடம் போயிருந்தால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும். ஆனால் சலீம் பாயின் மகள் வனஜாவின் வகுப்பில் படித்தாள். கடையில் கண்ணாடி இறங்கினால் ஸ்டாஃப் ரூமில் செய்தி ஏறும். ஆகவே சலீம் பாய் கூடாது.

கொள்கைக்கு முதல் சோதனை அடுத்த சனிக்கிழமையே வந்தது. வனஜாவையும் கீர்த்தியையும் ஏற்றிக்கொண்டு கேம்ப் கடைத்தெருப் பக்கம் துணி வாங்கக் கிளம்பினார். மழை விட்டு வெயில் அடித்தது. வண்டிக்குள் இட்லிப் பானைபோல் வெந்தது.

"அப்பா, ரொம்ப கர்மி ஆகுது. விண்டோ கோலுங்க நா" என்றாள் கீர்த்தி. பதினான்கு வயசு. புனேயிலேயே பிறந்தவள். அவள் தமிழில் பாதி வழியில் இந்தி ஏறிக்கொள்ளும்.

"தொடாதே! தூசி வரும்."

"மழை பேஞ்சு கழுவி விட்ட ரோட்டுல ஏதுங்க தூசி?" இது வனஜா.

"கண்ணுக்குத் தெரியாத தூசி. அதுதான் ஆபத்து."

ராணுவக் குடியிருப்புச் சோதனைச் சாவடியில் ஜவான் கையைக் காட்டினார். கண்ணாடியை இறக்கச் சொல்லிச் சைகை. ஜெகதீசன் கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் வைத்து, பாதி எழுந்து நின்று அடையாள அட்டையை நீட்டினார். அந்த ஜவான் என்ன நினைத்தாரோ, சல்யூட் அடித்தார்.

கேம்பில் வண்டி நிறுத்த இடம் காட்டியவர் ஜன்னலைத் தட்டினார். ஜெகதீசன் கதவைத் திறந்தார். சிக்னலில் பூ விற்ற பெண் தட்டினாள். கதவைத் திறந்தார். பக்கத்து ஸ்கூட்டர் நூலிழையில் தப்பியது. ஸ்கூட்டர்காரர் மராத்தியில் சொன்னதைக் கீர்த்தி மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

"ஏங்க, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கதவைத் திறக்கறீங்க?"

"மரியாதை, வனஜா. உக்காந்த இடத்துல ஜன்னலை இறக்கிப் பேசறது திமிர்."

"கல்யாணம் ஆகி பதினேழு வருஷத்துல எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டதில்லையே."

"உன்கிட்ட எனக்கு எதுக்கு மரியாதை? நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் தெரிந்தது.  வனஜா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதவில் இருந்த பட்டனைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். ஜெகதீசனுக்கு முதுகு நனைந்தது. ஏசியின் சுபாவமும் ஒரு காரணம்.

அதற்கடுத்த வாரம்தான் அவருக்குத் தூக்கம் போனது.

அவர் வேலைக்குப் போவது தொழிற்சாலைப் பஸ்ஸில். காலை ஏழு மணிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வீடு. வந்ததும் தார்ப்பாயை விலக்கி வண்டியை ஒரு தரம் சோதிப்பார். செவ்வாய்க்கிழமை உள்ளே உட்கார்ந்தவருக்கு முட்டி ஸ்டீயரிங்கில் "டக்" என்று இடித்தது. சீட் முன்னால் நகர்ந்திருந்தது. தானாக! பின்னால் தள்ளிச் சரி செய்தார். வியாழக்கிழமை மறுபடி முன்னால் வந்திருந்தது. நடுவில் இருக்கும் கண்ணாடியில் பின் ரோடு தெரியவேண்டும். அவருடைய சட்டைப் பை தெரிந்தது. அதுவும் தொங்கிவிட்டது! எல்லாவற்றுக்கும் மேலே, பெட்ரோல் முள் இறங்கியிருந்தது. நின்ற இடத்திலேயே வண்டி பெட்ரோல் குடிக்கிறது. அல்லது ஒழுகுகிறது. மண்டியிட்டு, வண்டிக்கு அடியில் தலையை விட்டு மோந்து பார்த்தார். மேல் மாடியிலிருந்து யாரோ இருமினார்கள்.

ஒரு குறை நாலு குறையானது. சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டில் தொழிற்சாலைப் பழக்கப்படி எழுதினார். ஒன்று: கண்ணாடி ஏறவில்லை. இரண்டு: சீட் தானே நகர்கிறது. மூன்று: நடுக் கண்ணாடி தொய்வு. நான்கு: எரிபொருள் மாயம். இதே வண்டி தொழிற்சாலையில் அவர் மேஜைக்கு வந்திருந்தால் சிவப்பு முத்திரை குத்திக் குப்பையில் போட்டிருப்பார். இங்கே முத்திரை வனஜாவின் கையில் இருந்தது.

அடுத்த வாரம் வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் சோற்றை ஒரு சாண், இரண்டு சாண் என்று அளந்துகொண்டிருந்தார்.

"உடம்புக்கு என்னங்க?" என்றாள் வனஜா.

"ஒண்ணுமில்ல."

"அக்கா நாளன்னிக்கு வருது. வண்டி ஷிர்டி போய்த் திரும்புமா?"

"பேஷா."

"ஒரு குறையும் இல்லையே?"

"இல்ல."

"இருந்தா இப்பவே சொல்லிடுங்க. வாடகை வண்டி எடுத்துக்கலாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

ஜெகதீசன் வாயைத் திறந்தார். சபதம் ஞாபகம் வந்தது. சகலையின் சிரிப்பு ஞாபகம் வந்தது. வாயை மூடினார். மறுபடி திறந்து, "ராணுவம் பராமரிச்ச வண்டி, வனஜா" என்றார்.

"கடைசித் தடவையா கேக்கறேன்."

"ஒரு குறையும் இல்ல!"

"சரி" என்று வனஜா ரசத்தை ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஐந்து பேரும் கிளம்பினார்கள். முன் சீட்டில் சகலை சுந்தரராமன். பின்னால் சரசா, வனஜா, நடுவில் கீர்த்தி. வாகோலி தாண்டுவதற்குள் சுந்தரராமன் தன் காரைப் பற்றி முன்னுரை முடித்து முதல் அத்தியாயத்துக்கு வந்திருந்தார்.

"எங்க வண்டியில சகலை, ரிமோட்டை அமுக்கினா நாலு கதவும் பூட்டிக்கும்."

"ஓ."

"எங்க வண்டியில ஏசி போட்டா சரசா ஸ்வெட்டர் கேக்கறா."

"ஓஹோ."

"இதுல என்ன, ஏசி ஊதுது, காத்துதான் வரலை? ஜன்னலை இறக்கட்டுமா?"

"வேணாம் சகலை! லாரிப் புகை!"

"ஒரு லாரியும் காணுமே?"

"வரும்!"

ராஞ்சன்காவில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஏறினார்கள். ஜெகதீசன் எல்லோரையும்விட அதிக நேரம் கும்பிட்டார். அவர் வேண்டுதலில் ஒரே ஒரு அயிட்டம்தான் இருந்தது. வழியில் யாரும் ஜன்னலைத் தட்டக் கூடாது.

ஷிரூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சுங்கம் வசூலிக்கும் டோல் நாக்கா வந்தது. அதை அவர் மறந்தே போயிருந்தார். வரிசையில் மாட்டிக்கொண்ட பிறகு பின்னால் போக வழியில்லை. அவர் பக்கம் இடுப்பளவு சிமெண்டுச் சுவர். கதவைத் திறந்து பார்த்தார். நாலு விரற்கடை போய்ச் சுவரில் இடித்து நின்றது. நாலு விரற்கடையில் மரியாதை காட்ட முடியாது.

கூண்டுக்குள் இருந்தவர் கண்ணாடியைத் தட்டினார். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. மேலே மேகம் திரண்டு நின்றது.

"இறக்குங்க சகலை, என்ன யோசனை?" என்றார் சுந்தரராமன்.

ஜெகதீசன் பட்டனை அமுக்கினார். கண்ணாடி இறங்கியது. காசைக் கொடுத்து ரசீதை வாங்கினார். வண்டியை நகர்த்தினார். மழை பிடித்துக்கொண்டது.

சாதாரண மழை இல்லை. வலது பக்கத்திலிருந்து, குறி பார்த்து, அவர் காதுக்குள் அடித்தது. ஜெகதீசன் பட்டனைத் தொடவில்லை. தொட்டு, அது ஏறாமல் போய், அதைச் சகலை பார்த்து... நினைக்கவே முடியவில்லை. நனைவது எவ்வளவோ மேல்.

"ஜன்னலை மூடுங்க சகலை."

"பரவாயில்ல. மழைத் தண்ணி உடம்புக்கு நல்லது."

"ஒரு பக்கத்துக்கு மட்டுமா?"

"திரும்பி வரும்போது இன்னொரு பக்கம்."

"தம்பி, பின்னால எங்களுக்கும் அடிக்குது" என்றாள் சரசா.

வேறு வழியில்லை. ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "கதவு சரியா மூடலை போல இருக்கே" என்று முணுமுணுத்தபடி, ஓடும் வண்டியில் கதவை மெல்லத் திறந்தார். ஒரு சாண் கணக்கு. ரோட்டுப் பள்ளம் ஒன்று அதை உலுக்கி ஒரு முழமாக்கியது. எதிரே வந்த பஸ் அலறியது. சரசா அதைவிடப் பெரிசாக அலறினாள். "பாபா!" என்று கண்ணை மூடினார் சுந்தரராமன்.

"கதவை மூடுங்க!" இது வனஜா. வகுப்பறைக் குரல். நாற்பது பிள்ளைகளை ஒரே சொல்லில் உட்கார வைக்கும் குரல். ஜெகதீசன் மூடினார். "வண்டியை ஓரமா நிறுத்துங்க." நிறுத்தினார். "இப்ப பட்டனைத் தூக்குங்க."

"வனஜா, அது வந்து..."

"தூக்குங்க."

தூக்கினார். கதவு மூடியே இருந்தது. ஒரு சாண் இல்லை, ஒரு இம்மி இல்லை. கண்ணாடி வழுக்கிக்கொண்டு மேலே போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

 ஜெகதீசன் கண்ணாடியைப் பார்த்தார். இறக்கினார். ஏற்றினார். மறுபடி இறக்கி ஏற்றினார். அவர் கண்ணிலிருந்து வழிந்தது மழைத் தண்ணீரா வேறா என்று சொல்ல முடியாது.

"அற்புதம்!" என்று கத்தினார். "சகலை, அற்புதம் நடந்துடுச்சு! இந்தக் கண்ணாடி மூணு வாரமா செத்துக் கிடந்தது! இறக்கினா ஏறாது! கதவை ஒரு சாண் திறந்தாத்தான் ஏறும்! நீங்க 'பாபா'ன்னு கூப்பிட்டீங்க, ஏறிடுச்சு! இது மட்டுமில்ல, சீட் தானா நகருது, நடுக் கண்ணாடி தொங்குது, நின்ன இடத்துல பெட்ரோல் குறையுது, எல்லாத்தையும் அவரே சரி பண்ணிடுவார்!"

சுந்தரராமன் பக்தியோடு கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் பின்னால் இருந்து வனஜா பேசினாள்.

"பாபா மேல பாரத்தைப் போடாதீங்க. அதைச் சரி பண்ணது சலீம் பாய்."

ஜெகதீசன் மெதுவாகத் திரும்பினார். வாயிலிருந்து கொட்டிய நாலு ரிப்பேரும் வண்டிக்குள் மிதந்துகொண்டிருந்தன. ஒன்றைக்கூடத் திருப்பி விழுங்க முடியாது.

"சலீம் பாயா? எப்போ?"

"ரெண்டு வாரம் ஆச்சு. கதவுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு ரப்பர் குழாய் இருக்கில்ல, அதுக்குள்ள ஒயர் அறுந்திருந்துச்சு. கதவைத் திறந்து திறந்து மூடினதுல. ஒரு அளவுக்குத் திறந்து வச்சா அறுந்த முனை ரெண்டும் தொட்டுக்குமாம், கரண்ட் போகுமாம். கால் மணி நேர வேலைங்க."

"அப்ப காற்றோட்டம்?"

"என்ன காற்றோட்டம்?"

"ஒண்ணுமில்ல. சலீம் பாய் வீட்டுக்கு வந்தாரா?"

"அவர் ஏன் வரணும்? வண்டி அவர் கடைக்குப் போச்சு."

"யார் ஓட்டிட்டுப் போனது?"

"நான்தான்."

மழை கூரையில் கொட்டியது. ஜெகதீசன் கீர்த்தியைப் பார்த்தார். கீர்த்தி, "மம்மி பஹுத் அச்சா ஓட்டறாங்க, அப்பா" என்றாள்.

வனஜா கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்து முன்னால் நீட்டினாள். "ஒத்து வராதுன்னு சொன்னீங்கள்ல? மறுநாளே டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்துட்டேன். இந்த மாசம்தான் லைசென்ஸ் வந்துச்சு. அதுக்கப்புறம் மத்தியானம் ஸ்கூல் விட்டு வந்து, பீரோவுல இருக்கிற ரெண்டாவது சாவியை எடுத்துக்கிட்டுத் தினம் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகினேன். என் காலு எட்டாது. சீட்டை முன்னால தள்ளணும். நடுக் கண்ணாடியைத் திருப்பணும். வண்டி ஓடினா பெட்ரோல் குறையும். ஜன்னல் கண்ணாடி ஏறலைன்னு எனக்குத் தெரிஞ்சதே மைதானத்துல மழையில மாட்டிக்கிட்டப்பதான். நனைஞ்சுக்கிட்டே நேரா சலீம் பாய்கிட்ட போனேன்."

"ரெண்டு வாரமா சரியாயிருந்ததா? அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீங்கதான் கெட்டுப்போச்சுன்னே சொல்லலையே. கெடாததைச் சரி பண்ணிட்டேன்னு எப்படிங்க சொல்றது? மூணு தடவை கேட்டேன்."

சுந்தரராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பை அடக்குவது அவருடைய காரைப் பற்றிப் பேசாமல் இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. "சகலை, என்னமோ சபதம் போட்டதா சரசா சொன்னாளே. ஒரு ரிப்பேர் வந்தா வித்துடறதா?"

 பட்டன் வண்டி போயிற்று. நாலு பட்டனும் போயிற்று. "வித்துடறேன்" என்றார் ஜெகதீசன். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது குரல். "நாளைக்கே ஆள் பாக்கறேன்."

"எதுக்கு விக்கணும்?" என்றாள் வனஜா. "இப்பதான் எனக்கு நல்லாக் கை பழகியிருக்கு. இருக்கட்டும்."

ஜெகதீசனுக்கு உயிர் வந்தது. வண்டி தப்பியது! சகலை முன்னால் கொஞ்சம் சேறு பட்டதுதான், துடைத்துக்கொள்ளலாம். சந்தோஷமாகச் சாவியைத் திருப்பப் போனார். வனஜாவின் கை அவர் தோளைத் தொட்டது.

"ரெண்டு வாரமா நீங்க தூங்கலை.  இறங்கிப் பின்னால வாங்க."

"இங்கேயா? ஹைவேயிலயா? வனஜா, இது..."

"வாங்கன்னேன்."

மழை கொஞ்சம் குறைந்த இடைவெளியில் இடம் மாறினார்கள். வனஜா சீட்டை முன்னால் தள்ளினாள். நடுக் கண்ணாடியைத் திருப்பினாள். இரண்டும் பல நாள் பழக்கத்தோடு நடந்தன. வண்டி அலுங்காமல் கிளம்பியது. முன்னால் உட்கார்ந்திருந்த சுந்தரராமன் பத்து கிலோமீட்டர் கழித்து, "எங்க வண்டியைவிட இது அமைதியாப் போகுதே வனஜா" என்றார். ஜெகதீசன் ஓட்டினபோது அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரவில்லை.

பின்னால் இடது ஓரத்தில், ஒரு பாதி நனைந்தும் மறு பாதி வேர்த்தும் உட்கார்ந்திருந்தார் ஜெகதீசன். பக்கத்தில் கீர்த்தி தூங்கி விழுந்தாள். அதற்கு அந்தப் பக்கம் சரசா கண்ணை மூடி ஜபம் செய்துகொண்டிருந்தாள். நகர் என்ற ஊர் தாண்டியதும் மழை நின்றது. ஈரக் காற்று வெளியே வீசுவது மரங்களில் தெரிந்தது. கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று அவர் கதவில் இருந்த பட்டனை அமுக்கினார்.

கண்ணாடி இறங்கவில்லை.

மறுபடி அமுக்கினார். அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தமாக அமுக்கினார். ஊஹூம். ஜெகதீசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த தெம்பு முழுசும் ஒரே மூச்சில் திரும்பி வந்தது. சலீம் பாய் ஒன்றைச் சரி பண்ணி ஒன்றைக் கெடுத்திருக்கிறார்! அதை வனஜா கவனிக்கவே இல்லை! இருபத்திரண்டு வருஷப் பரிசோதகரின் கண்ணுக்குத்தான் பட்டிருக்கிறது!

"வனஜா!" என்றார் சகலை காதில் விழும்படி. "உன் சலீம் பாய் லட்சணத்தைப் பாத்தியா? பின்னால கண்ணாடி இறங்கலை! ரிப்பேர்!"

வனஜா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரிப்பேர் இல்லீங்க. பின்னால உக்காந்திருக்கிற சின்னப் பிள்ளைங்க நோண்டாம இருக்க டிரைவர் பக்கம் ஒரு பூட்டு பட்டன் இருக்கு. அதைத்தான் போட்டு வச்சிருக்கேன்."